தலைக்கு எட்டாத முந்தானை

சேலை கட்டத் தெரியாத ஆண்பிள்ளை பெண்பிள்ளைக்கு அடக்கம் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், நான் எங்கள் வீட்டுக்காரரைத்தான் கைகாட்டுவேன். அவர் கோயில் உபதேசியார். ஜெபமும் பத்துக் கட்டளையும் சொல்லிக்கொடுத்து ஆட்களை ஞானஸ்நானத்துக்குத் தயார் செய்வது அவர் வேலை. தங்கமான மனுசர். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். ஆனால் ஒரு சேலை உடம்பில் எங்கே தொடங்கி, எதைச் சுற்றி, எங்கே வந்து முடிகிறது என்பது மட்டும் அவருக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. அதனால் ஒரு பெண் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

அறுபதுகளின் நடுவில், பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிதில், சித்தேரி மலைக்கு ஏறும் பாதை தொடங்குகிற ஓர் ஊருக்கு எங்களை மாற்றினார்கள். கோயில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, மரச் சிலுவை, மழை வந்தால் பீடத்துக்கு முன்னால் ஒரு குண்டான். ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் கோயிலும் எங்கள் பொறுப்பு, ஊரும் எங்கள் பொறுப்பு. கடுதாசி படிக்க அவரிடம் வருவார்கள், காய்ச்சல் தலைவலி என்றால் என்னிடம் வருவார்கள். கன்னியாஸ்திரிகளிடம் நான் தையல் படித்திருந்தேன். கல்யாணத்துக்கு அவர்கள் கொடுத்த பழைய மிஷின் ஒன்று வீட்டில் இருந்தது. ஊரில் யாருக்கு ரவிக்கை வேண்டுமென்றாலும் என் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து மிஷனுக்குக் கோதுமை, பால் பவுடர், எண்ணெய் டின்னோடு பழந்துணி மூட்டையும் வரும். மூட்டை பிரிக்கிற நாள் ஊருக்கே திருவிழா. முழங்கால் வரைக்கும் தொங்குகிற கம்பளிக் கோட்டு ஒன்றை ஒரு பெரியவர் வாங்கிப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் ஆடு மேய்த்தார், யார் சொல்லியும் கழற்றவில்லை. பெண்களுக்கு வருவது கவுன். முன்கழுத்து பாதி நெஞ்சு வரைக்கும் இறங்கியிருக்கும், முதுகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சிலதுக்குக் கையே இருக்காது. “இதப் போட்டுக்கிட்டுத்தான் அந்த ஊர் கிறிஸ்தவச்சிங்க கோயிலுக்குப் போவாங்களா?” என்று நான் கேட்டால், “உனக்கு எதுக்கு அந்த ஞாயமெல்லாம், வெட்டித் தை” என்பார் எங்கள் வீட்டுக்காரர். வெட்டித் தைப்பேன். அவர்கள் ஊர்க் கவுன் ஒன்றில் எங்கள் ஊருக்கு ரெண்டு ரவிக்கை வரும்.

ஆனாலும் ஊரில் பாதிப் பெண்கள் ரவிக்கை போடாதவர்கள். வயசில் மூத்தவர்கள் போடமாட்டார்கள், மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் போடமாட்டார்கள். அதில் வெட்கங்கெட்டதனம் ஒரு துளியும் கிடையாது. சேலையை அக்குளுக்குக் கீழே இறுக்கிச் சுற்றி, தலைப்பைத் தோள்மேல் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிட்டால், களை வெட்டினாலும் சரி, கட்டை தூக்கினாலும் சரி, நூலளவு அசையாது. நான்தான் ரவிக்கையும் போட்டு, ஊக்கும் குத்தி, நாள் முழுக்க முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் என்னைப் பார்த்துத் தமக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

அப்படி மலையிலிருந்து இறங்கி வந்தவர்தான் அந்த அக்கா. நாற்பதைத் தாண்டிய வயசு. புருசன் இல்லை. மேலே இருந்த கொஞ்சம் சாமை விளைகிற காட்டைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு, ஊர்க்கோடியில் ஒரு பாய் வைத்திருந்த புளி மண்டியில் புளி தட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தார். வந்த வாரமே எங்கள் வாசலில் நின்று, “நா நன்மை வாங்கோணும், என்ன பண்ணோணும் சொல்லுங்க” என்றார். பூசையில் சாமியார் ஆசீர்வதித்துத் தருகிற அப்பத்தைத்தான் நாங்கள் நன்மை என்போம். அது வெறும் அப்பமில்லை, கர்த்தரே என்பது எங்கள் விசுவாசம். ஞானஸ்நானமே வாங்காத ஒருத்தி எடுத்த எடுப்பில் நன்மை கேட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை.

காரணம் மகள். ஒரே பெண். கன்னியாஸ்திரிகள் அந்தக் குழந்தையைத் தங்கள் போர்டிங்கில் வைத்துப் படிக்க வைத்தார்கள். தாயின் சம்மதத்தோடு அங்கேயே ஞானஸ்நானம் ஆகி, முதல் முதலாக வாங்குகிற புதுநன்மையும் வாங்கியது. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. செய்தி மலையேறிப் போய், தாய் மலையிறங்கி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம்கூடப் பார்க்கவில்லை. போர்டிங் வாசலில் மண்ணில் விழுந்து கிடந்தவரிடம் ஒரு சிஸ்டர் சொன்னாராம்: “உங்க பொண்ணு கர்த்தரோட பந்தியில இருக்கும்மா. நன்மை வாங்கறவங்க எல்லாரும் அந்த ஒரே பந்திதான். உசுரோட இருக்கறவங்க, போய்ச் சேந்தவங்க, எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடறாங்க.”

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா மலையை விட்டு இறங்கினார். “எம்புள்ளகூட ஒரு வாய் சாப்புடணும் கண்ணு. அவ்வளவுதான். அது குந்தியிருக்கற பந்தியில நானும் குந்தி ஒரே ஒரு வாய்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் உடையாது.

எங்கள் வீட்டுக்காரர் சாயங்காலம் சாயங்காலம் கோயிலில் வைத்துப் பாடம் சொன்னார். சுவரில் மாட்டுகிற பெரிய படச்சுருள் ஒன்று இருந்தது. ஆதாம் ஏவாள் படம் வந்ததும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினார். பாவம் செய்தார்கள், நிர்வாணம் தெரிந்தது, இலையைத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள், கர்த்தர் தோலால் உடை செய்து உடுத்தி அவர்களைத் தோட்டத்துக்கு வெளியே அனுப்பினார் என்று முடித்தார். அக்கா படத்தை உற்றுப் பார்த்தார். “இருங்க உபதேசியாரே. தப்புப் பண்ணதுக்குத் தொரத்திட்டாரு, சரி. தொரத்தறவரு எதுக்குத் துணி தெச்சுக் குடுத்தாரு?” இவர் அடுத்த படத்தைத் தேடினார். “வெளியில குளுருமில்ல, அதுக்குத்தான் போல” என்று அக்காவே சொல்லிக்கொண்டார். “நல்ல மனசுதான் அவருக்கு.” நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். உடையைப் பற்றி வேதத்திலிருந்து என் மனசுக்கு ஒத்துக்கொண்ட விளக்கம் அதுதான்.

ஒரு வருசம் போல ஆனது. ஞானஸ்நானம் முடிந்தது. ஞானஸ்நானம் கொடுத்தவர் பழைய சாமியார், ரவிக்கை இருக்கிறதா இல்லையா என்று கவனித்தவரில்லை. அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், வாலிப வயசு, படித்தவர், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிக்கக்கூட யோசிக்கிற மாதிரி ஆள். அக்கா நன்மை வாங்கும் நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்காரர் கடைசிப் பாடமாக, “பீடத்துக் கிராதிகிட்ட வரும்போது தலையில முக்காடு போட்டுக்கிட்டு வரணும். பொம்பளைங்க தலை மூடாம நன்மை வாங்கக் கூடாது. அது ஒண்ண மறந்துடாதீங்க” என்று அழுத்தமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மலைப் பெண்கள் கட்டுவது கட்டைச் சேலை. அதன் தலைப்பு தோளை மூடி இடுப்பில் செருகுவதோடு தீர்ந்துபோகும். அதை உருவித் தலைக்குப் போட்டால் தோளுக்கு என்ன மிச்சம்? ரவிக்கை போட்டவளுக்கு முக்காடு அடக்கம். போடாதவளுக்கு அதே முக்காடு மானக்கேடு. இது சட்டம் போட்டவர்களுக்கும் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியவில்லை.

அக்கா சொன்ன சொல் தட்டாதவர். ஞாயிற்றுக்கிழமை துவைத்த சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்தார். பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியில் பெண்கள் வரிசையாக முழங்காலிட்டோம். நான் அந்தக் கோடி, அவர் இந்தக் கோடி. சாமியார் அப்பத்தோடு வரிசையாக வருகிறார், எங்கள் வீட்டுக்காரர் அப்பம் தரையில் விழாமலிருக்கத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் வருகிறார். அக்கா இடுப்பில் செருகியிருந்த தலைப்பை உருவித் தலையில் போட்டுக்கொண்டு, கை குவித்து, கண்ணை மூடி, நாக்கை நீட்டினார். செருகல் போனதும் சுற்றும் தளர்ந்து, ஒரு பக்கத்துத் தோளும் விலாவும் மாரில் பாதியும் வெளியே தெரிந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. அவர் நினைப்பு முழுக்க வேறு இடத்தில் இருந்தது.

சாமியாருக்கு முகம் ரத்தமாகச் சிவந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அவரைத் தாண்டி அடுத்தவளுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் தட்டோடு தாண்டினார். அக்கா நாக்கை நீட்டியபடியே இருந்தார். வரிசை முழுக்க எழுந்து போனதற்கு அப்புறம்தான் கண்ணைத் திறந்தார். சேசு மரி சூசையே, அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். “ஏங்க, முக்காடு போடுன்னு சொன்னீங்களே, எந்தத் துணியில போடறதுன்னு யோசிச்சீங்களா? உங்க வேட்டியில போடறதா?” அவர் சோற்றைப் பிசைந்தவர் பிசைந்தபடி இருந்தார். “எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் பரிதாபமாக. அதுதான் சொல்கிறேனே, தங்கமான மனுசர். அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் மண்டிக்குப் போனேன். அக்கா குனிந்த தலை நிமிராமல் புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கொட்டை எடுத்த புளியை ஒரு பக்கம் ஒதுக்கினார். “பந்தியில குந்த வெச்சு எலையப் போட்டுட்டு, எல்லாத்துக்கும் பரிமாறி, எனக்கு மட்டும் இல்லைன்னு போயிட்டாங்க கண்ணு. எங்க சனத்துல பகையாளிக்குக்கூட அப்பிடிப் பண்ண மாட்டோம். எம்புள்ளதான் வேணாம்னு சொல்லிடுச்சோ என்னமோ.” இந்தப் புளிச் சீசன் முடிந்ததும் மலைக்கே திரும்பிவிடப் போவதாகச் சொன்னார். தூரத்தில் உட்கார்ந்திருந்த மண்டிக்கார பாய்கூட எங்களைப் பார்த்துவிட்டு, கணக்குச் சொல்ல வந்தவனை அப்புறம் வா என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு ஓடி வந்து, மூட்டையில் வந்த பூப்போட்ட கவுன் ஒன்றை வெட்டி, அன்றைக்கே ஒரு ரவிக்கை தைத்துவிட்டேன். அளவு எடுக்கவில்லை, கண்ணளவுதான். கொண்டுபோய்க் கொடுத்ததும் அக்கா அதை விரித்துப் பார்த்தார். அத்தனை துக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயே! இது கூத்துல பொம்பள வேசம் கட்டறானே ஆம்பள, அவம் போடறதில்ல?” மலையில் அவர் ரவிக்கையைப் பார்த்ததே கூத்து மேடையில்தான். விடிய விடிய ஆடுகிற ஆண்பிள்ளை, தனக்கு இல்லாத மாரைக் காட்டுவதற்குப் போடுகிற சாமான் அது. மூடுவதற்கென்று ஒருத்தி அதைப் போடுவாள் என்பதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

“சரி, ரவிக்கை வேணாம். என்னோட நீளச் சேலை ஒண்ணு தரேன், அதக் கட்டிக்கிட்டு வா” என்றேன்.

“எரவல் சேலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்சவ கதையாவா?” என்றார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “அதுக்கில்ல கண்ணு. எம்புள்ள என்னைப் பாத்ததெல்லாம் இந்தக் கட்டுலதான். அங்க பந்தியில குந்திக்கிட்டு, எங்க ஆத்தா எப்ப வரும்னு அது வழியப் பாத்துக்கிட்டு இருக்கும். நா ரவிக்கையப் போட்டுக்கிட்டு, உஞ்சேலையச் சுத்திக்கிட்டுப் போயி நின்னா, யாரோ ஊர்க்காரம்மான்னு மொகத்தத் திருப்பிக்கும். கடைசியா அது மொகத்த நா பாக்கல. என் மொகத்தையாச்சும் அது பாத்தாத் தேவல.”

ரவிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பங்களாவுக்குப் போனேன். சாமியார் குடியிருக்கும் வீட்டை நாங்கள் பங்களா என்போம். அவர் பைப்படியில் தன் அங்கியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார். உபதேசியார் பெண்சாதி தனியாக வந்து நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் மகளின் கதையிலிருந்து தொடங்கி, பந்தி, முக்காடு, கட்டைச் சேலை, கூத்து வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னேன். இடையில் ஒரு தடவை, “உபதேசியாரம்மா, வாய் நீளுது” என்றார்.

“நீளட்டும் சாமி. சேலைதான் நீளல, வாயாவது நீளட்டும்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். “நான் சொல்லுதேன், கேட்டியளா” என்று ஆரம்பித்தார். “எங்க ஊர்ப் பக்கம், முன்னால, எங்க சாதிப் பொம்பளைங்க தோள்ல துணி போடக் கூடாது. பெரிய ஆளுங்களுக்கு முன்னால மார மூடினா அது குத்தம். வேதத்துல சேந்தவங்க மூட ஆரம்பிச்சாங்க. சந்தையில வச்சு அடிச்சு, துணியக் கிழிச்சாங்க. எங்க குடும்பத்துல ஒருத்திக்கு அந்த அடியில கை விளங்காமப் போச்சு. தலைமுறை தலைமுறையா எங்க வீட்டுல இதச் சொல்லித்தான் புள்ள வளப்பாங்க. ஒரு பொம்பள தோள மூடாம நிக்கிறதப் பாத்தா எனக்கு வேற ஒண்ணும் தோணாது, அந்த அடிதான் ஞாபகத்துக்கு வரும். அந்த அம்மாவ நான் கேவலமா நினைக்கல. அந்தக் கோலத்துல சபைக்கு முன்னால முழங்கால்ல நிக்கிறதப் பாக்க எனக்குத் தாங்கல. அதான் தாண்டிப் போனேன்.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதுவரை அவரை வெறும் கண்டிப்புக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். சாமியார் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே வடிந்தது. ஆனால் மீதிப் பாதி இருந்ததே.

“சாமி, உங்க ஊர்ல மூடாதேன்னு அடிச்சாங்க. இங்க மூடுன்னு தள்ளி வெக்கறோம். அங்கயும் அவளக் கேக்கல, இங்கயும் அவளக் கேக்கல. உங்க குடும்பத்துல அந்தம்மாவுக்குக் கை விளங்காமப் போனது துணிக்காகவா? எம் மானம் எதுன்னு நாந்தான் சொல்லுவேன்னு நின்னதுக்காக. எங்க அக்காவும் அதையேதான சொல்லுது?”

அவர் எழுந்தார். பைப்படிக்குப் போய் அங்கியைப் பிழிந்து கொடியில் போட்டார். பஸ்சுக்கு நேரமாகிறது என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார், அவ்வளவுதான். தருவேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பஸ்சில் வரும்போது என் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தேன். நான் கட்டியிருப்பது நீளச் சேலை. எனக்கு ரவிக்கையும் இருக்கிறது. என் முந்தானை எனக்குத் தேவையே இல்லை.

சனிக்கிழமை அக்காவிடம் போய், “நாளைக்கு வா. உன் கட்டு உன் கட்டாவே இருக்கட்டும், தலைப்பைத் தொடாதே. தலைக்கு நான் பொறுப்பு” என்றேன். மாட்டேன் என்றார். கெஞ்சினேன். “மறுபடியும் தாண்டிப் போயிட்டா?” என்று கேட்டார்.

“போயிட்டா நாளைக்கே உங்கூட நானும் மலைக்கு வந்துடறேன்.”

“உபதேசியாரு?”

“அவரு தானே பொங்கித் திங்கட்டும். அப்பவாவது புத்தி வரட்டும்.”

வந்தார். ஞாயிற்றுக்கிழமை, அக்கா வருவாரா என்று கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் தலை தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. பூசையில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. நன்மை நேரம் வந்ததும் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் என் பக்கத்திலேயே முழங்காலிட வைத்தேன். அவர் சேலை எப்போதும் போல இறுக்கமாகத் தோளை மூடி, இடுப்பில் செருகியிருந்தது. நான் என் தலையில் கிடந்த முக்காட்டை எடுத்து, முந்தானையை அப்படியே அவர் தலைமேல் போட்டு, கழுத்தைச் சுற்றி முன்னால் இழுத்து என் கையில் பிடித்துக்கொண்டேன். என் தலை வெறுந்தலை. ரவிக்கையோடு முழங்காலில் நின்றேன். பின்னால் பெண்கள் குசுகுசு என்று பேசியது கேட்டது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாமியார் வந்தார். எங்கள் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அக்கா இந்த முறை கண்ணை மூடவில்லை. சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் அவர் முகத்தைப் பார்த்தார், அவர் தலையிலிருந்து என் தோள் வரைக்கும் போகும் அந்தச் சேலையைப் பார்த்தார். பிறகு அப்பத்தை எடுத்து, “கிறிஸ்துவின் சரீரம்” என்று குரல் கரகரக்கச் சொல்லி, அக்காவின் நாக்கில் வைத்தார். “ஆமென்” என்று அக்காவுக்குப் பதில் நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

அடுத்தது என் முறை. நாக்கை நீட்டினேன். அவர் என் வெறுந்தலையைப் பார்த்தார், என்னைத் தாண்டிப் போய்விட்டார்!

வந்த கோபத்தில் பூசை முடிந்ததும் நேராகச் சாமியார் உடை மாற்றுகிற அறைக்குப் போனேன். “தலைய மூடினவங்களுக்குக் குடுத்தேன், மூடாதவங்களுக்குக் குடுக்கல. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. “உங்க சேலையும் ரெண்டு பேருக்குப் பத்தல, கேட்டியளா உபதேசியாரம்மா.” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் ரவிக்கை போடாத யாரிடமும் முக்காடு கேட்கவில்லை. மேலிடத்தில் கேட்டாரோ, தானாக முடிவு செய்தாரோ, எனக்குத் தெரியாது. எழுபதுகளில் மலைக்குப் பஸ் போக ஆரம்பித்து, பள்ளிக்கூடமும் வந்த பிறகு, மேலே இருந்து இறங்குகிற சின்னப் பெண்கள் தாங்களாகவே ரவிக்கை கேட்டு என் வாசலில் வரிசையில் நின்றார்கள். கோயிலில் முக்காடும் தானாகவே குறைந்துபோனது.

அன்றைக்குச் சாமியாரிடம் பேசிவிட்டு வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. அக்கா மட்டும் கோயில் சுவரோரமாக, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னக்கா? வாங்கிட்டியே. சந்தோசம்தானே?”

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தபடி இருந்தார்.

“உப்பே இல்லியே கண்ணு” என்றார்.

“ஆமாக்கா. அதுல உப்புப் போட மாட்டாங்க. வெறும் கோதுமை மாவுதான்.”

“உப்புக் கொஞ்சம் கொறஞ்சாலே களியத் தள்ளி வெச்சிடுமே எம்புள்ள. இத எப்புடித்தான் முழுங்குச்சோ.”

மகளைப் பற்றி அத்தனை தடவை பேசியும் என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அந்தச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.